திருநெல்வேலிக்கே அல்வா... தூத்துக்குடிக்கே கடலா?

'பூட்டிக் ஹோட்டல்'னு ஒரு வார்த்தையை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க அம்மா முதல்முறை கேட்டப்போ, "அங்க சுடிதார் துணியெல்லாம் நல்லா இருக்குமா?"ன்னு விசாரிச்சாங்க. சிரிக்காதீங்க பாஸ்... எங்க ஏரியாவுல பூட்டிக்னா தையல் கடைதான்!

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நூறு ரூம், லிஃப்ட், கல்யாண ஹால் எல்லாம் இருந்தா அது சாதா ஸ்டார் ஹோட்டல். பத்துப் பன்னிரண்டு ரூம்தான், பழைய பங்களா ஒண்ணைப் புதுப்பிச்சது, கதவுல நம்பருக்குப் பதிலா பேர், டி.வி-க்குப் பதிலா வராண்டா, 'இங்கே நீங்க எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருங்க'ன்னு சொல்லி அதுக்குக் காசு வாங்கினா அது பூட்டிக் ஹோட்டல். கடலோரத்துல இருந்தா காசு இன்னும் கொஞ்சம் கூடும். அப்படி ஒரு இடத்துக்கு எங்க குடும்பம் மொத்தமா கிளம்பிப் போச்சு. போனதுல ஒண்ணும் தப்பில்லை. ஆனா எந்த ஊர்ல இருந்து போனோம்? தூத்துக்குடியில இருந்து. கடலைப் பார்க்க! விஷயம் வெளியே தெரிஞ்சதும் தெருவே கேட்ட கேள்விதான் மேலே இருக்கற தலைப்பு.

அவங்க கேட்டதுலயும் நியாயம் இருக்கு. எங்க ஊர்ல கடலுக்கா பஞ்சம்? ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா... தூத்துக்குடியில கடல் சும்மா இருக்காது. ஏதாவது ஒரு வேலையில இருக்கும். வடக்கே திரேஸ்புரத்துல வள்ளம், வலை, சங்கு. நடுவுல மீன்பிடித் துறைமுகம். தெற்கே பெரிய துறைமுகம். 1974-ல் பெருந்துறைமுகமா அறிவிச்சாங்க, 2011-ல் வ.உ.சி. பேர் வெச்சாங்க. அலையைத் தடுக்கறதுக்காகக் கடலுக்குள்ள கல்லைக் கொட்டி ரெண்டு சுவர் கட்டியிருக்காங்க பாருங்க, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். பக்கத்துலயே அனல் மின் நிலையம். மிச்சம் இருக்கற இடத்துல கண்ணுக்கெட்டின வரைக்கும் உப்பளம். எதிர்ல தெரியற தீவுக்குப் போய் டென்ட் அடிக்கலாம்னா அதுவும் முடியாது. மன்னார் வளைகுடாவுல இருக்கற 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாம கால் வைக்க முடியாது. வைக்கவும் கூடாதுங்கறது என் கட்சி. ஏற்கெனவே பவளப் பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே சில தீவுகளைக் கரைய விட்டவங்க நாம.

'டூரிஸ்ட் சிட்டி' ஆகறதுக்கு எங்க ஊர் ட்ரை பண்ணாமலும் இல்லை. 2011 ஜூன்ல 'ஸ்கோஷியா பிரின்ஸ்'னு ஒரு பெரிய பயணிகள் கப்பலைக் கொழும்புக்கு விட்டாங்க. 1906-ல் வ.உ.சி. கம்பெனி ஆரம்பிச்சுக் கப்பல் விட்ட அதே தூத்துக்குடி - கொழும்பு ரூட். ஊரே போய் வேடிக்கை பார்த்துச்சு. அந்த வருஷம் முடியறதுக்குள்ளேயே கப்பலும் நின்னு போச்சு. ஸோ, எங்களுக்குக் கடல்னா ஷிஃப்ட் டைம், லோடு, உப்பு, மீன் விலை. சாயங்காலம் ரோச் பார்க்குல அரை மணி நேரம் காத்து வாங்கினா அதுதான் எங்க பீச் ஹாலிடே.

இப்ப எங்க வீட்டைப் பத்திச் சொல்லணும்.

அப்பா துறைமுகத்தை நம்பி இருக்கற ஒரு கிளியரிங் ஆபீஸ்ல கிளார்க். இருபத்தஞ்சு வருஷமா எந்தக் கன்டெய்னர்ல என்ன வருது, எந்தப் பேப்பர் இல்லைன்னா எது நிக்கும்னு மனப்பாடமா சொல்லுவார். அவருக்குக் கடல் தண்ணியில கால் வைக்கற பழக்கமே கிடையாது. காரணம், தாத்தா. "கடப்பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்"னு மிரட்டி மிரட்டியே அப்பாவை பி.காம் படிக்க வெச்சவர்.

தாத்தாவுக்கு இப்ப எண்பதைத் தாண்டிடுச்சு. குளியாளி. அதாவது, மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில போய் எடுக்கறவர். முதல்ல முத்து, அப்புறம் சங்கு. இடது காது சுத்தமா கேட்காது. வலது காதுல பக்கத்துல போய்க் கத்தினா கொஞ்சம் விழும். அவர் பேசறது மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கும். எங்க வீட்டுல ரகசியம்னு ஒண்ணு இருந்ததே இல்லை, ஏன்னா தாத்தாகிட்ட எதைச் சொல்லணும்னாலும் தெருவுக்கே சொல்லணும்!

அக்கா சென்னையில ஐ.டி. வேலை. முதல் போனஸ் வந்ததும் அப்பா சொன்ன யோசனை, "தாத்தாவுக்குக் காது மிஷின் வாங்கிருவோம்." நல்லதா ஒண்ணு வாங்கினா போனஸ்ல பெரும்பங்கு போயிடும். அக்காவும் சரின்னுட்டா. தாத்தாகிட்ட பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதிக் காட்டினோம். படிச்சுட்டு மடிச்சுக் கொடுத்துட்டார். "எனக்கு இனி கேட்டு என்ன ஆவப்போவுது? எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. எல்லாரும் சேந்து ஒரு ஊருக்கும் போனதில்லயே."

திருச்செந்தூரும் வேளாங்கண்ணியும் ஊர்க் கணக்குல வராதான்னு அம்மா கேட்டாங்க. "அது நேர்ச்சை, இது டூரு"ன்னார். தெளிவா இருந்தார் மனுஷர்.

"எந்த மாதிரி ஊரு தாத்தா?"ன்னு அக்கா எழுதிக் கேட்டா. மலையா, அருவியா, ஊட்டியா? தாத்தா சொன்ன பதில்ல எல்லாரும் கப்சிப். "கடல்தான். தோணியில இருந்து பாத்துருக்கேன். அடியில கெடந்து பாத்துருக்கேன். ஒரு மாடியில, சேர் போட்டு உக்காந்து பாத்ததே இல்ல."

அப்படித்தான் அக்கா தேடிப் புடிச்சது தரங்கம்பாடி 'பங்களா ஆன் த பீச்'. நீம்ரானாங்கற குழுமம் பழைய பங்களாவைச் செப்பனிட்டு ஹோட்டலாக்கின இடம். வாடகை எவ்வளவுன்னு அப்பா மூணு தடவை கேட்டார். அக்கா மூணு தடவையும் "ஆஃபர்ப்பா"ன்னு மட்டும் சொன்னா.

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சு ராமநாதபுரம், தொண்டி, நாகப்பட்டினம், காரைக்கால் வழியா தரங்கம்பாடி. வேன்ல ஒரு முழு பகல் போயிடும். ராமநாதபுரம் தாண்டினதும் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம் காலி. தொண்டி தாண்டினதும் எங்க ஊர் மக்ரூனும் காலி. (ரிசப்ஷன்ல கொடுக்கறதுக்குன்னு தனியா வாங்கின பாக்கெட் அது. ஹோட்டல்காரங்களுக்கு எதுக்கு மக்ரூன்னு கேட்டா, "வெறுங்கையோட ஒருத்தர் வீட்டுக்குப் போவாங்களா?"ன்னு அம்மாவோட லாஜிக்.)

தரங்கம்பாடியைப் பத்தி ரெண்டு வரி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர்கிட்ட இடம் வாங்கி டென்மார்க்காரங்க கட்டினது அங்கே இருக்கற டேன்ஸ்போர்க் கோட்டை. இருநூறு வருஷத்துக்கு மேல வியாபாரம் பண்ணிட்டு, கட்டுப்படியாகாம 1845-ல் பிரிட்டிஷ் கம்பெனிக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். கோட்டைக்குப் பக்கத்துலயே வெள்ளைக்கார கலெக்டர் புழங்கின பங்களாதான் இந்த ஹோட்டல். ரூமுக்கெல்லாம் அந்தக் காலத்துல இங்கே வந்து போன டேனிஷ் கப்பல்களோட பேர். அப்பா பேர்ப்பலகையைப் பார்த்துட்டு, "கப்பலுக்கு பேப்பர் எழுதியே ஆயுசு போச்சு... இப்ப கப்பல் பேர் போட்ட கட்டில்லயே படுக்கணுமா!"ன்னார். அப்பா ஜோக் அடிச்சே நான் கேட்டதில்லை. முதல் நாளே ஒண்ணு தேறிடுச்சு.

எனக்கு அங்கே ரொம்பப் பிடிச்சது பங்களா இல்லை. நடக்கற தூரத்துல, அலை கிட்ட வந்து தொடற மாதிரி நிக்கற மாசிலாமணிநாதர் கோயில். முன்பக்கம் எப்பவோ கடல் தின்னுட்டுது. மிச்சம்தான் இருக்கு. அதைக் கட்டினது 1306-ல், மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்துல. அந்தப் பேரைப் பார்த்ததும் எனக்குள்ள ஒரு 'ஹலோ'. ஏன்னா அவர் எங்க ஆளு! அவர் ஆட்சிக் காலத்துலதான் மார்க்கோ போலோ எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கற காயலுக்கு வந்தார். முத்துக்குளிப்பைப் பத்தி மனுஷர் விலாவாரியா எழுதி வெச்சிருக்கார். எடுத்த முத்துல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு. சுறா வராம மந்திரம் போட்டுக் கட்டறவங்களுக்கு இருபதுல ஒரு பங்கு. அந்தக் காலத்து இன்ஷூரன்ஸ் பிரீமியம்! எங்க கடல்ல மூச்சடக்கினவங்க கொடுத்த பங்குலயும் வளர்ந்த கஜானாதானே அது? அந்தக் கோயில்ல ஒண்ணு ரெண்டு கல்லாவது எங்க ஊர்க்காரங்க காதை வித்து வாங்கினதா இருக்கும்னு தோணுச்சு. இதுக்கு என்கிட்ட கல்வெட்டு ஆதாரம் எல்லாம் கிடையாது, சும்மா ஒரு உரிமை கொண்டாடறதுதான்.

சரி, தாத்தாவுக்கு வர்றேன்.

மாடி வராண்டாவுல கடலைப் பார்க்க ஈஸி சேர் போட்டிருந்தாங்க. ஆசைப்பட்டுக் கேட்ட அதே சேர். தாத்தா போய் உட்கார்ந்தார். பத்து நிமிஷம்தான். எழுந்து துண்டை விரிச்சுத் தரையில உட்கார்ந்துட்டார். "சேர்ல உக்காந்தா ஆஸ்பத்திரிக்கு வந்த மாரி இருக்கு." ஆனா அங்கேருந்து நகரலை. ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடற வரைக்கும் அங்கேயேதான்.

நாங்க நாலு பேரும் பார்த்தது நீலமா ஒரு கடல், அவ்வளவுதான். அவர் பார்த்தது வேற. "அந்தா, கறுப்பா ஒரு திட்டு தெரியுதா? அடியில பாறை. இந்தப் பக்கம் வெளுப்பா கெடக்குல்லா, அது மணலு. நீவாடு வடக்க இழுக்குது, நுரை போற போக்கைப் பாரு." நீவாடுன்னா நீரோட்டம். எங்க கரையில கொண்டல், கச்சான், வாடை, சோழகம்னு காத்துக்கே நாலு பேர் உண்டு. தாத்தா மூக்கைத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்து, "கொண்டல்"ன்னார். கிழக்குக் காத்து. போன்ல செக் பண்ணேன். கரெக்ட்!

சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் வராண்டாவுல உட்கார்ந்திருந்தோம். லைட்டை அணைச்சாச்சு. அலைச் சத்தம் மட்டும். அக்கா போனை நீட்டி அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிட்டு இருந்தா. "சென்னையில தூக்கம் வராதப்போ போட்டுக் கேட்கலாம்"னா. அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. தரங்கம்னா அலை... அலை பாடற ஊர்ங்கறதுதான் ஊர் பேருக்கு எல்லாரும் சொல்ற விளக்கம். (குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டுல ஊர் பேர் 'சடங்கன்பாடி'. பாட்டெல்லாம் பிற்பாடு சேர்ந்திருக்கலாம். நமக்கெதுக்கு வம்பு!)

தாத்தா எங்க முகத்தை ஒவ்வொண்ணா பார்த்துட்டே வந்தார். அப்புறம், அந்த அமைதியான பங்களாவே அதிர்ற மாதிரி கேட்டார்: "எல்லாவளும் எல்லாவனும் என்னத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கிய?"

யாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியலை. அப்பா கடல் பக்கம் கையைக் காட்டி, கையாலேயே அலை மாதிரி ஏத்தி இறக்கிக் காட்டினார். தாத்தா தலையை ஆட்டிட்டு, "ம்ம்... சத்தம்"ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அப்பா ரொம்ப நேரம் பேசலை.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. கடலோர ஹோட்டல்னா முதல்ல விக்கறதே சத்தத்தைத்தான். 'அலையோசையில் கண் விழியுங்கள்'னு விளம்பரம் வராத ரிசார்ட் உண்டா? நாங்க காசு கொடுத்துக் கேட்ட அந்தச் சத்தம், அந்த நாலு பேரையும் விட ஆயிரம் மடங்கு கடலோட புழங்கின ஒரே ஆளுக்குக் கேட்கலை. கேட்காமப் போனதுக்குக் காரணமும் அதே கடல்.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல இந்தக் கணக்கு சாதாரணமா வரும். கடல்ல 10 மீட்டர் இறங்கினா ஒரு காற்றழுத்தம் கூடும். குளியாளிங்க ஆழத்தைப் பாகத்துலதான் சொல்வாங்க. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், சுமார் 1.8 மீட்டர். 10 பாகம்னா 18 மீட்டர். கரையில இருக்கறதை மாதிரி 2.8 மடங்கு அழுத்தம். காதுச் சவ்வு சுண்டுவிரல் நகம் அளவுதான். உள்ளே இருக்கற காத்தைச் சமன் பண்ணலைன்னா, அந்த ஆழத்துல அந்தச் சவ்வு மேல கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையை வெச்ச மாதிரி. அதுவரைக்கும் எங்கே தாங்கும்? சில மீட்டர்லயே கிழிஞ்சுடும். இன்னொரு விஷயம்... முதல் 10 மீட்டர்லதான் காதுக்குள்ள இருக்கற காத்து பாதியா சுருங்குது. அதாவது, ஆரம்பத்துலதான் ஆபத்து அதிகம். ஸ்கூபா கத்துக்கொடுக்கறவங்க மெதுவா இறங்கு, மூக்கைப் பிடிச்சு ஊது, வலிச்சா மேலே வான்னு சொல்றது இதுக்குத்தான். முத்துக் குளிக்கறவங்க எப்படி இறங்குவாங்க தெரியுமா? கயித்துல கட்டின கல்லுல காலை வெச்சு, விர்ர்ர்ருனு. இருக்கறது ஒரே ஒரு மூச்சு. இறங்கறதுக்கே அதைச் செலவழிச்சா சிப்பியை எப்போ அள்ளறது?

மறுநாள் விடியக்காலையில அதே வராண்டாவுல உட்கார்ந்து தாத்தாகிட்ட கேட்டேன். போன்ல பெரிய எழுத்துல டைப் பண்ணிக் காட்ட, அவர் படிச்சுப் பதில் சொன்னார்.

"எப்பத்துல இருந்து காது கேட்கலை?"

"அறுவத்தொண்ணு முத்துக்குளிப்பு. எனக்குப் பதினேழு வயசு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 1961 சாதாரண வருஷம் இல்லை. தூத்துக்குடிப் பாருகள்ல, அதான் சிப்பி வளர்ற அடிக்கடல் பாறைத் திட்டுகள்ல, சங்க காலத்துக் கொற்கையில ஆரம்பிச்ச முத்துக்குளிப்பு 1955-லிருந்து 1961 வரைக்கும் வருஷா வருஷம் நடந்துச்சு. அதுக்கப்புறம் நடக்கவே இல்லை. பாருல சிப்பி சேரலை. ரெண்டாயிரம் வருஷத் தொழிலோட கடைசி சீசன்தான் எங்க தாத்தாவோட முதல் சீசன்!

அவர் சொன்னதை அப்படியே தர்றேன். "நடுச்சாமத்துல தோணி கெளம்பும். விடியப் பாருக்கு மேல நிக்கும். சிலுவை போட்டுட்டு எறங்குவேன். மேல கயிறு பிடிக்கிறவன்கிட்டதான் உசிரு. மூணாம் நாளோ நாலாம் நாளோ, படார்னு காதுக்குள்ள ஒரு சத்தம். மேல வந்தா மூக்கு வழியா ரத்தம். பயந்துட்டேன். கூட இருந்த பெரியாளு சிரிக்கான். 'ஒடஞ்சிட்டா? இனி வலிக்காதுல. இப்பத்தாம்ல நீ குளியாளி'ங்கான். மறுநாளும் எறங்குனேன். நெசமாவே வலிக்கல."

"என்ன கிடைச்சது?"

"கூலி கெடையாதுல்லா. அள்ளுன சிப்பியில பங்கு. என் பங்கை உடைச்சதுல கடுகு மாரி ஏழெட்டு. அதை வித்து ஆத்தாளுக்கு ஒரு சேலை எடுத்தேன்."

காது உடையறதைப் பட்டம் வாங்கற மாதிரி நினைச்ச ஒரு தொழில். டைப் பண்ண எனக்கு அடுத்த கேள்வி வரலை.

முத்து போனப்புறம் சங்கு. தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்குப் போகும். அங்கே கல்யாணமான பொண்ணுங்க போட்டுக்கற வெள்ளை வளையல் அந்தச் சங்கை அறுத்துச் செய்யறதுதான். அடுத்த தடவை கொல்கத்தா சீன் வர்ற படம் பார்த்தா ஹீரோயின் கையைப் பாருங்க. கம்ப்ரஸர்ல காத்து அனுப்பிக் குளிக்கற முறை வந்த சமயத்துல தாத்தா தொழிலை விட்டுட்டார். முத்துக்கு வேற வழியும் வந்துடுச்சு. 1973-ல் எங்க ஊர்லயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிங்க சிப்பியை வளர்த்து, உள்ளே கரு வெச்சு, உருண்டை முத்து எடுத்துக் காட்டினாங்க. யாரோட காதும் உடையாம! இதைத் தாத்தாகிட்ட சொன்னா, "அது பண்ணையில போட்ட முட்டை. நான் எடுத்தது காட்டுக்கோழி"ம்பார்.

நாங்க பேசிட்டு இருந்தப்பவே ஃபைபர் படகெல்லாம் கரைக்கு வர ஆரம்பிச்சது. தாத்தா சட்டுனு எழுந்து வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கிட்டார். பின்னாடியே அப்பா ஓட, அதுக்குப் பின்னாடி நான். தாத்தா நேரா ஒரு படகுகிட்ட போய் வலையைத் தொட்டுப் பார்த்து, கண்ணி அளவை விரலால அளந்து, கையாலேயே ஏதோ கேட்டார். படகுக்காரரும் கையாலேயே பதில் சொன்னார். என்ன பாஷையோ, அஞ்சு நிமிஷத்துல சிநேகமாயிட்டாங்க. அந்தக் கரையில 2004 டிசம்பர் 26-ஐத் தாண்டி வந்தவங்க முகம் ஒவ்வொண்ணும். அன்னைக்குத் தரங்கம்பாடியும் சேர்ந்திருந்த நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல உயிர் போச்சு. தாத்தா மெதுவா கையை உயர்த்தி அலை உயரத்தைக் கேட்டார். அவர் ஒரு தென்னை மரத்தைக் காட்டி, பாதி உயரத்துல கையை நிறுத்தினார். அப்புறம் வீட்டுல எத்தனை பேர்னு விரலைக் காட்டி ரெண்டை மடக்கினார். தாத்தா அவர் தோளைத் தொட்டுட்டு நின்னார்.

திரும்பி வரும்போது தாத்தா கையில ஒரு பை நிறைய சாளை. நேரா ஹோட்டல் கிச்சன் வாசல்ல போய், "இதை வறுத்துத் தருவியளா?"ன்னு ஒரு சத்தம். மேலே தூங்கிட்டு இருந்த வெளிநாட்டு ஜோடி எட்டிப் பார்க்க, அக்காவுக்கு மானம் போச்சு. ஆனா சமையல்காரர் செம ஜாலியா வாங்கிக்கிட்டார். அவரும் பக்கத்துக் கடலோர கிராமம்தானாம். பீங்கான் தட்டு, முள்கரண்டி, நாப்கின் சகிதமா பிரேக்ஃபாஸ்ட்டுக்கு சாளை வறுவல் வந்துச்சு. அந்த ஜோடிக்கும் நாலு போச்சு. பூட்டிக் ஹோட்டல்ல எனக்குப் பிடிச்சது இதுதான் பாஸ். பெரிய ஹோட்டல்னா 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை' போர்டைக் காட்டியிருப்பாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் இன்னொண்ணு நடந்துச்சு. அப்பா பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சுட்டுத் தண்ணிகிட்ட போய் நின்னார். அலை வந்தா பின்னாடி, போனா முன்னாடின்னு சின்னப் பையன் மாதிரி. தாத்தா பார்த்துட்டே இருந்தார். போய் அப்பா கையைப் புடிச்சு, இடுப்பளவு தண்ணி வரைக்கும் கூட்டிட்டுப் போய் நிறுத்தினார். "இதுக்கு மேல போவாதே"ன்னு ஒரு அதட்டு. அம்பது வயசு ஆளுக்கு! அப்பாவும் "சரிப்பா"ன்னு தலையாட்டினார். அம்மா கரையில நின்னு, "மாமா, அவுகளுக்குச் சளி புடிக்கும்"னு கத்தினாங்க. கேட்கவா போகுது!

இப்ப எங்க ஊருக்கு வருவோம். எங்க கரையிலயும் இப்படி ஒரு ஹோட்டல் வரும். வராம இருக்காது. என் பந்தயம் மணப்பாடு மேல. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி மணல் குன்று, அதுக்கு மேல 1581-ல் கட்டின திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கினதா சொல்ற குகை, ஊருக்குள்ள இலங்கை வியாபாரத்துல சம்பாதிச்சுக் கட்டின பெரிய பெரிய வீடுகள். பலதும் பூட்டிக் கிடக்கு. அலைச்சறுக்கு விளையாடறவங்க ஏற்கெனவே போர்டைத் தூக்கிட்டு வர ஆரம்பிச்சாச்சு. பக்கத்துல குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டியாச்சு. யாராவது ஒரு பெரிய வீட்டை வாங்கி, சுண்ணாம்பு அடிச்சு, ரூமுக்கு முத்து பேர் வெச்சு, வராண்டாவுல ஈஸி சேர் போடறதுக்கு ரொம்ப நாள் ஆகாது.

வரட்டும். பழைய வீடு இடிஞ்சு விழறதுக்கு ஹோட்டலாகறது எவ்வளவோ மேல். எங்க பசங்களுக்கு வேலையும் கிடைக்கும். ஆனா மீன் காயப் போடற மணல்ல பீச் குடையை நட்டு, 'கெஸ்ட்டுக்கு நாத்தம் ஒத்துக்கலை, தள்ளிப் போடுங்க'ன்னு சொன்னா அன்னைக்கு நான் அந்தப் பக்கம்தான் நிப்பேன், கருவாட்டுப் பக்கம். அப்புறம், முத்துக்குளிப்பைப் பத்தி சுவத்துல பழைய போட்டோவை மாட்டும்போது, கீழே ஒரு வரி சேர்த்துக்கட்டும்: எத்தனை பாகம் இறங்கினாங்க, இறங்கினவங்களுக்குக் காது என்ன ஆச்சுன்னு. டீ குடிச்சுட்டே படிக்க ஒரு மாதிரிதான் இருக்கும். இருந்தா என்ன?

தாத்தாவோட காது மிஷின் கதை என்னாச்சுன்னு கேட்பீங்க. ஊருக்கு வந்த ரெண்டாவது வாரம் அப்பாவே லோன் போட்டு வாங்கிட்டார். இந்தத் தடவை தாத்தா மறுப்பு சொல்லலை. டெஸ்ட் எடுத்தவங்க, "இடது காதுல ஒண்ணும் செய்யறதுக்கில்லை, வலது காதுல ஓரளவு பலன் இருக்கும்"னாங்க. முதல் நாள் மாட்டினதும் அம்மா பாத்திரம் தேய்க்கற சத்தத்துக்குத் திடுக்கிட்டு, "வீட்டுல எப்பவும் இவ்ளோ எரைச்சலா?"ன்னார். இப்ப பழகிட்டார். காலையில நியூஸ், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் சீரியல். மாமியார் என்ன சதி பண்றான்னு எங்களுக்கே விளக்கறார்.

ஆறு மணிக்கு திரேஸ்புரம் கடற்கரைக்கு நடக்கப் போகும்போது மட்டும் மிஷினைக் கழற்றி டப்பாவுல வெச்சு, டப்பாவை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டுத்தான் கிளம்புவார். மாட்டிட்டுப் போங்க, அலைச் சத்தம் கேட்கும்னு எழுதிக் காட்டினேன்.

"உப்புக் காத்துல மிஷினு கெட்டுப் போவும்ல. உங்கப்பன் கடன் வாங்கி வாங்கினது"ன்னுட்டு செருப்பை மாட்டினார்.